ஏழு கிலோ டயர், பதினாறு அடி

கிள்ளான்
12 ஜனவரி 2025

தங்கச்சி அமுதவள்ளிக்கு,

உன் போன்ல என்னைப் பூட்டி வச்சுட்டே. நேர்ல வந்தா கம்பிக்கதவைத் திறக்க மாட்டேங்குறே. சரி, தபால்காரனை என்ன பண்ணுவேன்னு பார்க்கிறேன். ஸ்டாம்பு வாங்கப் போனேன். கவுண்டர்ல இருந்த மலாய்க்காரப் பொண்ணு, "பாக்சிக், இந்தக் காலத்துல யாரு கடுதாசி போடுறா?"ன்னு சிரிச்சுச்சு. "தங்கச்சிகிட்ட அடி வாங்கினவன் போடுவான் லா"ன்னேன்.

எழுத்துப் பிழை இருந்தா நீயே திருத்திக்க. கேரி தீவு தோட்டப் பள்ளிக்கூடத்துல ஆறாவதோட நின்னவன் நான். ஃபார்ம் ஃபைவ் பாஸ் பண்ணின தையல்கார அம்மாவுக்கு எழுதுறதுன்னா சும்மாவா?

முதல்ல என் தப்பு. ஆஸ்பத்திரியில கண்ணுல கட்டோட கிடந்த ஷாமினிகிட்ட, "இனிமே நீ கண்ணடிச்சாலும் ஒரு பயலுக்கும் தெரியாது பாப்பா"ன்னு சொன்னது நான்தான். அவளும் சிரிச்சுட்டா. பெத்த பிள்ளைக்கு இடது கண்ணு போச்சேன்னு நீ சுவர்ல சாய்ஞ்சு நிக்கிற நேரத்துல தாய்மாமன் பல்லைக் காட்டலாமா? கூடாதுதான். ஆனா எனக்கு வேற எதுவும் வராது அமுதா. அப்பா செத்தப்பவும் பாடை கட்டுறவங்களைக் கிண்டல் பண்ணிக்கிட்டுத்தான் நின்னேன். உனக்கே தெரியும்.

இப்ப மச்சான் விஷயம். நீ வீட்டை விட்டு அனுப்பினதுலேர்ந்து கமலநாதன் மச்சான் ஸ்ரீ கெம்பாங்கான்ல ஒரு கூட்டாளி ரூம்ல இருக்கார். போய்ப் பார்த்தேன். ரொட்டி, டின் சார்டின், மறுபடியும் ரொட்டி, மறுபடியும் சார்டின். பூனை ஒண்ணு அவர் பின்னாலயே சுத்துது. "நாப்பதுலதான் வந்தேன் மச்சான். சுங்கை வே சிக்னல்ல லோரி திடீர்னு நின்னுச்சு. மழை. பிரேக் மிதிச்சும் வழுக்கிட்டு போச்சு." இதையே பத்துத் தடவை சொல்றார். நீ நூத்திப்பத்துன்னு சொல்றே. அவர் வேகமா ஓட்டுற ஆளுதான், இல்லேங்கல. சம்மன் கடுதாசியா வந்து குவிஞ்ச காலம் எனக்கும் தெரியும்.

ஆனா இந்தத் தடவை அவர் சொல்றது உண்மை. காரை இழுத்துட்டுப் போய் நிறுத்தின கொட்டாய்க்குப் போய் என் கண்ணால பார்த்தேன். பானெட் கால்வாசிதான் மடங்கியிருக்கு. முன்கண்ணாடியில கீறல், அவ்வளவுதான், உடையல. இருபது வருஷமா உடைஞ்ச காரைப் பிரிச்சுச் சோறு திங்கிறவன் நான். நூத்திப்பத்துல லோரி பின்னால போய் இடிச்ச கார் அப்பளமாத்தான் வரும்.

அவரைக் கூப்பிட்டுக்க. பூனைக்குத்தான் கஷ்டம், அது வேற ஆள் பார்த்துக்கும்.

உன் அண்ணன்
சின்னையா


பிரிக்பீல்ட்ஸ்
20 ஜனவரி 2025

அண்ணே,

உன் கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் எடுத்தேன். ஷாமினி பார்த்துக்கொண்டிருந்தாள், அதனால் பிரித்தேன்.

உனக்குப் பூனையும் சார்டினும் தெரிகிறது. எனக்கு என்ன தெரிகிறது, சொல்லட்டுமா? பத்தொன்பது வயதுப் பெண் டம்ளரில் தண்ணீர் ஊற்றும்போது வெளியே ஊற்றுகிறாள். எவ்வளவு தூரத்தில் டம்ளர் இருக்கிறது என்று ஒரு கண்ணுக்குத் தெரியவில்லையாம். பாலிடெக்னிக்குக்குப் போவதை நிறுத்தி ஐந்து வாரம் ஆகிறது. கிளாஸ் புத்தகங்கள் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. காரில் ஏற மாட்டேன் என்கிறாள். ஆஸ்பத்திரிக்கு எல்ஆர்டி ரயிலில் போய், மீதித் தூரத்தை வெயிலில் நடக்கிறோம். இடது பக்கம் ஆள் வந்தால் திடுக்கிடுகிறாள். அந்தப் பக்கமே நான் ஒட்டிக்கொண்டு நடக்கிறேன்.

இதையெல்லாம் செய்தவரைக் கூப்பிட்டுக்கொள் என்று எழுதியிருக்கிறாய்.

ஒன்று கேட்கிறேன். நாற்பதில் வந்து மோதினால் ஒரு கண் போகுமா? பெல்ட் போட்டிருந்தாள். ஏர்பேக் விரிந்தது. கண்ணாடி உடையவில்லை என்று நீயே எழுதுகிறாய். அப்புறம் எது என் பிள்ளையின் கண்ணைக் கொண்டுபோனது? வேகம் இல்லாமல் வேறென்ன? நீ தினமும் யார்டில் அந்த ஏர்பேக்குகளை வெடிக்கவைக்கிறாயே, அதற்கு எவ்வளவு பலம் என்று உனக்குத் தெரியாதா? பார்த்து எழுது. சிரிக்காமல் எழுது.

தீபாவளிக்கு முன்னால் கார் எடுத்த அன்று நீ வாங்கி ஒட்டிக்கொடுத்த வெண்கலப் பிள்ளையார் பின் சீட்டில் கிடந்தார். ஒரு கீறல்கூட இல்லை. அவர் மேல் ரத்தம் இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து பால் ஊற்றிக் கழுவி, சாமி மேடையில் நடுவில் வைத்திருக்கிறேன். கண்ணோடு போகட்டும் என்று உயிரைப் பிடித்துக் கொடுத்தவர் அவர். காலையும் மாலையும் விளக்கேற்றும்போது உன் ஞாபகம் வருகிறது. நீ எங்களுக்குச் செய்த ஒரே உருப்படியான காரியம் அது.

அமுதவள்ளி


கிள்ளான்
2 பிப்ரவரி 2025

அமுதாவுக்கு,

சிரிக்காம எழுதுன்னுட்டே. வாயில துணியை அடைச்சுக்கிட்டு எழுதுறேன்.

எங்க வேலை என்னன்னு உனக்கு முழுசா சொன்னதில்ல. ஆயுசு முடிஞ்ச காரெல்லாம் எங்க யார்டுக்கு வரும். நசுக்குற மெஷின்ல போடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஏர்பேக்கையும் வெடிச்சுத் தீர்த்துடணும். இல்லேன்னா நசுக்குறப்ப வெடிச்சு ஆளைக் கொன்னுடும். நீளமா ஒயர் இழுத்து, இரும்புப் பெட்டிக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னு சுவிட்சை அமுக்குவோம். டமார்! பையி வந்த வேகத்தை ஒருத்தனும் பார்த்ததில்ல. வெடிச்சு, விரிஞ்சு, காத்துப் போய்த் தொங்குறதைத்தான் பார்ப்போம். கண்ணு மூடித் திறக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுடும்.

இதுல எங்களுக்கு ஒரு விளையாட்டு. கூட வேலை செய்யுற அன்சாரைத் தெரியுமில்ல, அதான், தாடிக்கு மருதாணி போடுற ஆளு, அவன் ஆரம்பிச்சது. ஏர்பேக்கைத் தரையில மல்லாக்க வச்சு, மேல ஒரு பழைய டயரைப் போட்டு சுவிட்சை அமுக்குவோம். டயரு ராக்கெட் மாதிரி மேல போகும். பக்கத்துல விளக்குக் கம்பம். அதுல அடிக்கு ஒரு கோடு பெயிண்ட்ல போட்டு வச்சிருக்கான். எத்தனை கோடு போகும்னு முன்கூட்டியே சொல்லணும். தோத்தவன் எல்லாருக்கும் தே தாரேக் வாங்கணும். ஏர்பேக் மூஞ்சியைப் பார்த்தே நான் சொல்லிடுவேன். "ஸ்டியரிங்குல உள்ளது, எட்டு அடி." "அந்தாண்ட சீட்டுக்கு உள்ளது, பெருசு, பதினஞ்சுக்குக் குறையாது." எங்க முதலாளி, தவுக்கேவே என்கிட்ட தோத்து டீ வாங்கியிருக்கார். படிக்காதவனுக்கு இது ஒரு பட்டம்னு வச்சுக்கயேன்.

நீ கேட்டதுக்காகச் சரியாவே பார்த்தேன். உங்க கார் மாதிரியே ஒரு கார், வெள்ளத்துல முழுகி வந்துச்சு. அதோட இடது பக்கத்து ஏர்பேக். டயரைத் தராசுல நிறுத்தேன், ஏழு கிலோ. போனது பதினாறு அடி. மூணு பேர் நின்னு கோடு எண்ணினோம்.

ஏழு கிலோவைப் பதினாறு அடி தூக்குறது மூஞ்சில அடிச்சா என்ன ஆகும்? அதுவே போதும் அமுதா. ஏர்பேக்தான் அடிச்சிருக்கு. மச்சான் வேகமா வந்திருந்தாலும் சரி, மெதுவா வந்திருந்தாலும் சரி, அது வெடிச்சா ஒரே வெடிதான். இதுல யார் மேலயும் தப்பு இல்ல.

இதுக்கு மேல என்னைக் கேட்காதே.

சின்னையா


பிரிக்பீல்ட்ஸ்
15 பிப்ரவரி 2025

அண்ணே,

கேட்காதே என்றாய். கேட்டுக்கொண்டு வந்தேன், உன்னிடம் இல்லை, டாக்டரிடம்.

ஏர்பேக் துணி முகத்தில் அடித்தால் தோல் சிராயும், வீங்கும், சில நேரம் கண்ணுக்குள் ரத்தம் கட்டும் என்றார். ஷாமினியின் காயம் அப்படி இல்லையாம். கெட்டியான, சின்னப் பொருள் ஒன்று நேராக வந்து அடித்திருக்கிறது என்றார். "டேஷ்போர்டு மேல ஏதாவது வச்சிருந்தீங்களா?" என்று கேட்டார். எனக்கு உடனே புரிந்துவிட்டது.

போன். அவருடைய போன். வண்டி ஓட்டும்போது வீடியோவை ஓடவிட்டுக்கொண்டு, ஸ்டாண்டில் மாட்டாமல் டேஷ்போர்டு மேல் சும்மா போடுவார். எத்தனை தடவை சத்தம் போட்டிருக்கிறேன்! "நீ ப்ளவுஸ் தைக்கிறப்ப டிவி பார்க்கல?" என்பார். அந்த போன்தான் என் மகள் மேல் பறந்திருக்கிறது. ஷாமினியிடம் கேட்டேன். "தெரியலம்மா, வெள்ளையா ஒண்ணு வந்துச்சு, அவ்வளவுதான்" என்கிறாள். அப்பாவைக் காட்டிக்கொடுக்க மனசில்லை அவளுக்கு.

ஆக, நாற்பதோ நூற்றுப்பத்தோ, அவர்தான். தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குக்கூட நான் போகவில்லை. இருபத்தோரு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. வீட்டுப் பிள்ளையார் முன்னால் உட்கார்ந்து முடிவெடுத்தேன். மார்ச் பத்தாம் தேதி வக்கீலைப் பார்க்கிறேன். பிரிந்துவிடுகிறேன். ஷாமினியிடமும் சொல்லிவிட்டேன், உன் கண்ணைப் பறித்தவர் உன் அப்பா, இனி அந்தப் பேச்சு இந்த வீட்டில் வேண்டாம் என்று. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நீ காரைப் பார்த்தவன். வக்கீல் கேட்டால் வந்து சொல்ல வேண்டும். எனக்குக் கூடப்பிறந்தவன் என்று நீ ஒருத்தன்தான் இருக்கிறாய்.

அமுதவள்ளி


கிள்ளான்
2 மார்ச் 2025

அமுதா,

இந்தக் கடுதாசியைத் தபால்ல போடல. பத்தாம் தேதிக்கு முன்னால வரணும். நானே வந்து உன் கதவுக்கு அடியில தள்ளிட்டுப் போறேன். நீ படிக்கிறப்ப நான் பக்கத்துல இல்லாம இருக்கறது நல்லது.

வக்கீல்கிட்ட போகாதே. போன் இல்ல. மச்சான் போன் அவர் கால் அடியில கிடந்துச்சு, போலீஸ்காரர் எடுத்துக் குடுத்தப்ப நான் நின்னேன். அதுல ஒரு கீறல்கூட இல்ல.

அடிச்சது நான் ஒட்டின பிள்ளையார்.

எழுதிட்டேன். இனிமே மத்ததையும் எழுதிடுறேன்.

முந்தாநேத்து யார்டுல அந்த வெள்ளத்துக் காரோட டேஷ்போர்டுல இன்னொரு ஏர்பேக் மாட்டி, கிள்ளான் லிட்டில் இந்தியாவுல அதே கடையில அதே பிள்ளையாரை வாங்கி, அதே இடத்துல ஒட்டினேன். எந்தப் பசைன்னு உனக்குத் தெரியாது. கடையில குடுக்குற ரெண்டு பக்க டேப்பு வெயில்ல கழண்டுடும்னு, முன்கண்ணாடி ஒட்டுற கறுப்புப் பசையைப் போட்டேன். "ஜென்மத்துக்கும் அசையாது பாரு"ன்னு உன்கிட்ட பெருமை அடிச்சேனே, அது. ஒரு ராத்திரி காயவிட்டேன். சீட்டுல ஷாமினி தலை இருக்குற உயரத்துக்கு அரை இஞ்சு பலகையை நிறுத்தினேன். எனக்கு சுவிட்சுல விரல் போகல. அன்சார்தான் அமுக்கினான்.

பலகையில ஓட்டை. பிள்ளையார் அந்தப் பக்கம் சீட்டுல சொருகிக் கிடந்தார். அவர் பாதத்துல பசையும் அதோட பிய்ஞ்சு வந்த டேஷ்போர்டு பிளாஸ்டிக்கும். உங்க வீட்டுப் பிள்ளையாரைத் தூக்கி அடியில பாரு. அதே இருக்கும்.

டயரு எவ்வளவு உயரம் போகுதுன்னு பார்த்தே இருபது வருஷம் ஓட்டிட்டேன். கனமானதைத்தான் மேல வச்சோம். அது ஆடி அசைஞ்சு போகும், சிரிப்போம். சின்னது எப்படிப் போகும்னு ஒரு நாளும் வச்சுப் பார்க்கல. பிள்ளையார் முந்நூறு கிராம். அன்சார் பலகையைத் தடவிப் பார்த்துட்டுச் சொன்னான், "கவட்டையில பாறாங்கல்லை வச்சா எங்கண்ணே போகும்? கூழாங்கல்லை வச்சாத்தான் குருவி விழும்."

ஒட்டுறப்ப எனக்குத் தெரியாதுன்னு சொல்லிடலாம். ஆனா தெரியும். அந்த இடத்துல ஏர்பேக்னு இங்கிலீஷ்ல எழுதியிருந்துச்சு. வேற இங்கிலீஷ் தெரியாட்டியும் அந்த எழுத்து எனக்குத் தெரியும். அதைத் தேடித் தேடித்தான் தினமும் கழட்டுறேன். பார்த்தேன். பார்த்துட்டு, சாமிதானே, சின்னதுதானே, என்ன செஞ்சுடும்னு அந்த எழுத்து மேலயே பசையைப் போட்டேன். அந்த இடந்தான் நல்லா தட்டையா இருந்துச்சு.

மச்சான் மேல தப்பில்ல. அவர் நாப்பதுலதான் வந்தார்.

சின்னையா


பிரிக்பீல்ட்ஸ்
9 மார்ச் 2025

தூக்கிப் பார்த்தேன். இருக்கிறது.

அண்ணே என்று எழுதக் கை வரவில்லை.

காலையும் மாலையும் அவருக்கு விளக்கேற்றினேன். ரத்தத்தைப் பால் விட்டுக் கழுவினேன், என் மகளைக் காப்பாற்றினதுக்கு நன்றி சொல்லிக்கொண்டே. அந்தப் பாலை ஷாமினிக்கும் ஒரு ஸ்பூன் கொடுத்தேன். உன்னால் இதைப் புரிந்துகொள்ள முடியுமா? பால் விட்டுக் கழுவினதை நான் கடிதத்தில் எழுதினபோது நீ படித்தாய். படித்துவிட்டு, டயரைப் பற்றி நாலு பக்கம் எழுதி அனுப்பினாய்.

எனக்கு மூன்று பதில் வேண்டும்.

உனக்கு எப்போது தெரியும்? ஆஸ்பத்திரியில் அவளைச் சிரிக்கவைத்தபோது தெரிந்திருந்ததா?

வேறு யாருக்குத் தெரியும்?

மூன்றாவது. பிள்ளையாரைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே ஒட்டட்டும் என்று நீ கேட்டாய். நடுவில் என்றுதான் நீ கையை நீட்டினாய். "இந்தப் பக்கம் வை, பாப்பா உட்கார்ற இடத்துக்கு நேரா, அவளைப் பார்த்த மாதிரி வை" என்று சொன்னது நான். அதை ஏன் எழுதாமல் விட்டாய்?

நாளைக்கு வக்கீல் ஆபீசுக்குப் போகவில்லை. அதற்காக யாரும் இங்கே வர வேண்டாம்.

அமுதவள்ளி


கிள்ளான்
16 மார்ச் 2025

அமுதா,

கேட்ட வரிசையில சொல்றேன்.

ஆஸ்பத்திரியில தெரியாது. அது சத்தியம். தெரிஞ்சிருந்தா என் வாயில ஒரு வார்த்தை வந்திருக்காது. அதுக்கு மறுநாள் கொட்டாய்ல காரைப் பார்த்தேன். ஏர்பேக் மூடி பிய்ஞ்சு கிடந்துச்சு, பிள்ளையார் இருந்த இடத்துல மட்டும் வட்டமா ஓட்டை. அங்கேயே தெரிஞ்சுடுச்சு. அப்புறம் உனக்கு எழுதினதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டே எழுதினது. பூனை, சார்டின், அப்பளம் எல்லாம். பால் ஊத்திக் கழுவினேன்னு நீ எழுதின கடுதாசியைப் படிச்சுட்டு ரெண்டு நாள் வேலைக்குப் போகல. மூணாம் நாள் உட்கார்ந்து டயர் கதை எழுதினேன். பயந்தாங்கொள்ளி அமுதா நான். பேச்சு ஜாஸ்தியா இருக்கறதால யாருக்கும் தெரியறதில்ல.

வேற யாருக்குத் தெரியும்னா, மச்சானுக்குத் தெரியும். உனக்கு முதல் கடுதாசி எழுதறதுக்கு முந்தின வாரம் ஸ்ரீ கெம்பாங்கான் போனேன். கால்ல விழலாம்னுதான் போனேன். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள, "தெரியும் மச்சான், உட்காருங்க, டீ போடுறேன்"ன்னார். பிள்ளையார் பறந்ததை அவர் பக்கத்துல இருந்து பார்த்திருக்கார். "ஏன் சொல்லல?"ன்னு கத்தினேன். அவர் அடுப்பைப் பார்த்துக்கிட்டே சொன்னார்: "அவளுக்கு அந்தச் சாமியும் நீங்களும்தான் மிச்சம். ரெண்டையும் பிடுங்கிட்டு நான் மட்டும் போய் உட்காரவா? புருஷன் மேல கோபம்னா அது எப்பவும் உள்ளதுதானே மச்சான். பழகினது."

உன்கிட்ட சொல்லிடாதீங்கன்னுதான் சொல்லி அனுப்பினார். வக்கீல் பேச்சு வந்த பிறகு அந்தப் பேச்சை நான் காப்பாத்தல.

மூணாவது கேள்வி. அதை எழுத மாட்டேன். எழுதுறதுக்கு என்ன இருக்கு? பெத்தவ பிள்ளையைச் சாமி பார்க்கட்டும்னு நினைச்சே. நீ துணி தைக்கிறவ, உனக்கு அந்த மூடிக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாது. தெரிஞ்சவன் நான். நீ சொன்ன உடனே "அங்க வேணாம் லா"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சுது. அந்த ஒரு வார்த்தை என்னோட பாக்கி. அதுல பங்கு கேட்டு வராதே.

இன்னொண்ணும் சொல்லணும். சாமி ஒட்டுறதுல நான் கெட்டிக்காரன்னு சொந்தத்துல எத்தனை பேர் காரைக் கொண்டுவந்தாங்கன்னு உக்காந்து யோசிச்சேன். ஏழு கார். ரெண்டு வாரமா ஒவ்வொண்ணாப் போய்ப் பிய்ச்சுட்டு இருக்கேன். நானே ஜென்மத்துக்கும் அசையாதுன்னு ஒட்டினது, சும்மா வருமா? கம்பி போட்டு அறுக்கணும். கேரி தீவு அய்யாவு சித்தப்பா கட்டையைத் தூக்கிட்டு வந்துட்டார். "சாமியை எடுக்க வந்தியாடா? எந்த மதத்துல சேர்ந்தே?" "சித்தப்பா, இவர் உங்களைக் காப்பாத்துவார், ஆனா உட்கார்ற இடம் சரியில்ல." "அவரு இடத்தை நீ சொல்றியா?" கடைசியில ஷாமினின்னு ஒரு பேரைச் சொன்னேன். கட்டையைக் கீழ போட்டுட்டு உள்ள போய்ட்டார். நான் அறுத்து முடிக்கிற வரைக்கும் வெளிய வரல.

ஆறு முடிஞ்சுது. ஏழாவது சுங்கை வே சுகுமாறன் கார். அவன் சிங்கப்பூர் போயிருக்கான், காரோட. தினமும் போன் பண்ணி, இடது பக்கம் யாரையும் ஏத்தாதேன்னு சொல்லிட்டு இருக்கேன். எனக்குப் பைத்தியம்னு நினைக்கிறான். நினைக்கட்டும்.

இனி உன்கிட்டேர்ந்து கடுதாசி வராதுன்னு தெரியும். வந்தாலும் வராட்டியும்,

உன் அண்ணன்
சின்னையா


பிரிக்பீல்ட்ஸ்
6 ஏப்ரல் 2025

அண்ணே,

மூன்று வாரம் எழுதவில்லை. எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன்.

உன் கடிதங்களை ஷாமினி எடுத்துப் படித்துவிட்டாள். தையல் மெஷின் டிராயரில் வைத்திருந்தேன். பிள்ளையாரையும் ஒரு துணியில் சுற்றி அங்கேதான் வைத்திருக்கிறேன். மேடையில் வைக்க முடியவில்லை, ஆற்றில் விடவும் முடியவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவராகவா போய் அங்கே உட்கார்ந்தார்?

நான் பாசாரில் காய்கறி வாங்கிக்கொண்டு வந்தபோது அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். கட்டிலுக்கு அடியில் கிடந்த புத்தகங்களை இழுத்துப் போட்டிருந்தாள். டிசம்பருக்கு அப்புறம் அவள் கையில் பேனாவைப் பார்த்தது அன்றுதான். "அம்மா, மாமாவோட டயரு ஏழு கிலோதானே? பதினாறு அடிதானே?" என்றாள். "பிள்ளையாரை நிறுத்தீங்களா?" நான் மாவு நிறுக்கும் தராசை எடுத்துக் கொடுத்தேன். துணியைப் பிரித்து அவளே நிறுத்தாள். முந்நூறு கிராம் என்றாள்.

ஒரு பக்கம் முழுக்க எழுதினாள். முதலில் தப்பாக வந்தது, அடித்துவிட்டு மறுபடி எழுதினாள். அப்புறம் காகிதத்தை என் பக்கம் திருப்பினாள்.

"ஏழு கிலோவைப் பதினாறு அடி தூக்குற பலம் அப்படியே முந்நூறு கிராம் மேல விழுந்தா, மணிக்கு நூத்தியெழுபது கிலோமீட்டர்மா. எல்லாப் பலமும் அவர் மேல விழுந்திருக்காது. பாதிப் பலம்தான்னு வச்சுக்கிட்டாலும் வேகம் பாதியா குறையாதும்மா, நூத்தியிருபது. அப்பா நாப்பதுலதான் வந்தார்."

நூற்றுப்பத்து, நூற்றுப்பத்து என்று மூன்று மாதம் நான் ஆஸ்பத்திரியிலும் கோயிலிலும் அக்கம்பக்கத்திலும் சொல்லிக்கொண்டு திரிந்தேனே. அந்த வேகம் அந்தக் காருக்குள் இருந்தது உண்மைதான். அவர் காலில் இல்லை.

அவரைக் கூப்பிடும்மா என்று அவள் சொல்லவில்லை. காகிதத்தை மட்டும் என் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான்தான் போன் செய்தேன். என்ன பேசுவது என்று தெரியாமல், "சாப்பிட்டீங்களா?" என்றேன். "இனிமேதான்" என்றார். இரவு வந்தார். கம்பிக்கதவு திறந்துதான் இருந்தது, ஆனாலும் வெளியே நின்றார். ஷாமினி போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள். அவர் அவளுடைய இடது பக்கம் போய் உட்கார்ந்தார். அந்தப் பக்கம் என் இடம். விட்டுக்கொடுத்தேன்.

நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கத் தெரியவில்லை. சோறு போட்டேன். அவர் தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

உன்னையும் மன்னித்துவிட்டேன் என்று இதில் எழுதவில்லை. படித்துப் பார்த்து நீயாக அப்படி நினைத்துக்கொள்ளாதே. பாக்கியில் பங்கு கேட்காதே என்று எழுதியிருக்கிறாய். நீ யார் பங்கு பிரிக்க? "பாப்பாவுக்கு நேரா வை" என்று சொன்ன வாய் என்னுடையது. அதை நான் ஷாமினியிடம் சொல்லிவிட்டேன். "நான்கூடத்தான் அழகா இருக்குன்னு போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினேன்" என்றாள்.

இப்போது அவளுக்கு ஒரு பிடிவாதம் வந்திருக்கிறது. அந்த வெடியை அவள் பார்க்க வேண்டுமாம். தன் முகத்துக்கு எது வந்தது என்று தெரியாமலே இருப்பது பிடிக்கவில்லையாம். வெள்ளையாக ஒன்று வருகிறது, தூக்கத்தில் அதே வருகிறது, நூற்றியெழுபது என்று எழுதிப் பார்த்தும் போகவில்லை, சுவிட்சை நானே அமுக்கிப் பார்த்தால்தான் போகும் என்கிறாள். முதலில் முடியாது என்றேன். இரண்டு நாள் சாப்பிடும்போது பேசவில்லை. அவர், "விடு, பார்க்கட்டும்" என்றார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை யார்டில் ஆள் இருக்காது என்று தெரியும். தவுக்கேயிடம் கேட்டு வை. மூன்று பேரும் வருகிறோம். கூட்டாளியின் காரை இரவல் வாங்கியிருக்கிறார். ஏறுவேன் என்று ஷாமினி சொல்லியிருக்கிறாள், பின் சீட்டில்தான். பரவாயில்லை.

மேலே எதையும் வைக்காதே. டயர் வேண்டாம், பலகை வேண்டாம். பை மட்டும். இரும்புப் பெட்டிக்குப் பின்னால் அவள் நிற்க இடம் இருக்கிறதா என்று பார்த்து வை. காதை அடைத்துக்கொள்ள ஏதாவது கொண்டு வா.

என் பக்கத்தில் வந்து நிற்காதே. அவளுக்கு இடது பக்கம் நில்.

அமுதவள்ளி